அசல் பெட்டி இல்லாத கேட்ரிட்ஜ்களுக்கு வீட்டிலேயே பெட்டியும் உறையும் செய்து வைப்பது வீண் வேலையா?

உங்களிடம் பழைய வீடியோ கேம் கேட்ரிட்ஜ்கள், அதாவது விளையாட்டுக் கருவியில் செருகும் பிளாஸ்டிக் வில்லைகள், இருக்கின்றன, அவை வந்த பெட்டிகள் இல்லை. நாமே செய்து வைக்கலாமே என்று நினைத்த நேரத்தில், யாரோ ஒருவர் "அது போலிதானே" என்று சொல்லி உங்கள் ஆசையைக் குலைத்திருக்கிறார். கேள்வியைப் படித்தபோது எனக்கு அப்படித்தான் தோன்றியது. ஏனென்றால் அதே சொல்லை நானும் கேட்டிருக்கிறேன். வீண் வேலையே இல்லை, தாராளமாகச் செய்யுங்கள்.

கேம் பாய், நின்டெண்டோ 64 ஆகிய கருவிகளுக்கான விளையாட்டுகள் மெல்லிய அட்டைப் பெட்டிகளில் வந்தவை. அவற்றைப் பிரித்த அன்றே கிழித்துப் போட்ட வீடுகள்தான் அதிகம். சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவிக்கான விளையாட்டுகள் பெரும்பாலும் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் வந்ததால் இன்றும் ஓரளவு பெட்டியோடு கிடைக்கின்றன. இன்னொரு தொல்லையும் உண்டு. கேம் பாய், நின்டெண்டோ 64 கேட்ரிட்ஜ்களில் பெயர்ச்சீட்டு முன்பக்கத்தில் மட்டுமே ஒட்டப்பட்டிருக்கும்; அலமாரியில் வரிசையாக அடுக்கிவிட்டால் எது எந்த விளையாட்டு என்று ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தால்தான் தெரியும். பெயர் அச்சிட்ட முதுகுப்பட்டையோடு ஒரு பெட்டி இருந்தால் அந்தத் தொல்லை அன்றோடு தீர்ந்தது.

என் அண்ணனும் நானும் ஆடிய கேட்ரிட்ஜ்கள் பல ஆண்டுகளாக ஒரு தகர டப்பாவில் கிடந்தன. ஒன்றோடொன்று உரசி, சில சீட்டுகளின் ஓரம் வெளுத்து நார் தெரிய ஆரம்பித்ததைப் பார்த்த பிறகுதான் நான் கட்டரை எடுத்தேன். புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் பயன்படுத்தும் 2 மி.மீ. சாம்பல் நிற அட்டையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் திறந்த செருகுறை செய்தேன். இதில் கணக்குதான் முக்கியம்: கேட்ரிட்ஜின் தடிமனோடு ஏறத்தாழ 1 மி.மீ. இடைவெளி விட வேண்டும், மேலே ஒட்டும் தாளும் மூலைகளில் இடம் பிடிக்கும், இரண்டு பக்கச் சுவர்களுக்காக வெளியளவில் 4 மி.மீ. கூடும். அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் தாள் ஒட்டினால், பசையின் ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் வளைத்துவிடும். உள்பக்கத்திலும் ஒரு தாளை ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமமாகி அட்டை நேராக நிற்கும். திறந்த விளிம்பில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் அரைவட்டம் வெட்டிவிடுங்கள். அது இல்லையென்றால் இறுக்கமான உறையிலிருந்து கேட்ரிட்ஜை எடுக்க உறையைக் கவிழ்த்துத் தட்ட வேண்டியிருக்கும்.

இவ்வளவு மெனக்கெட விருப்பம் இல்லாதவர்கள் டிவிடி பெட்டியைப் பயன்படுத்தலாம். அதன் மேலுறைத் தாள் சுமார் 273 மி.மீ. அகலமும் 183 மி.மீ. உயரமும் கொண்டது, முதுகு 14 மி.மீ.; ஏ4 தாளில் அடங்கிவிடும். அச்சிடும்போது 'தாளுக்கு ஏற்பச் சுருக்கு' என்ற தெரிவை எடுத்துவிட்டு நூறு விழுக்காட்டில் அச்சிடுங்கள். சில விழுக்காடு சுருங்கினாலே முதுகில் இருக்க வேண்டிய பெயர் இடம் நகர்ந்துவிடலாம். கேம் பாய் கேட்ரிட்ஜ் இதில் எளிதாக அமரும், நின்டெண்டோ 64 கேட்ரிட்ஜ் தடிமன் காரணமாக அமராது.

இனி அந்தப் 'போலி' என்ற சொல்லுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஆசையாக ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். அவர் அதில் கேட்ரிட்ஜைப் போட்டு, அசல் பெட்டியோடு இருக்கிறது என்று சொல்லி விற்றுவிட்டார். அந்தச் செய்தி காதுக்கு வந்த நாளில் எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்றும் ஆறவில்லை. 2021-இல் பிரிக்கப்படாத சூப்பர் மாரியோ 64 பிரதி ஒன்று ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. பெட்டிக்கு இப்படி ஒரு விலை இருக்கும் உலகில், நாம் அலமாரிக்காகச் செய்ததை இன்னொருவர் ஏமாற்றுவதற்குப் பயன்படுத்த முடியும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்காகச் செய்பவர்கள் எல்லோரையும் மோசடிக்காரர்கள் என்று பேசுவது நியாயமே அல்ல. ஏமாற்றுவது விற்பவரின் வாய், பெட்டி அல்ல.

அதன் பிறகு, நான் செய்யும் ஒவ்வொரு பெட்டியின் உட்சுவரிலும் 'வீட்டில் செய்தது' என்ற வரியும் ஆண்டும் அச்சில் இருக்கும், வெட்டி எடுத்தால் பெட்டியே கெடும் இடமாகப் பார்த்து. நிறுவனத்தின் தர முத்திரையையும் பார்கோடையும் நான் போடுவதில்லை. பார்கோடு இருக்க வேண்டிய இடத்தில் என் தொகுப்பு எண் இருக்கும். வாங்குபவர்களும் ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொள்ளலாம்: ஆலையில் ஆஃப்செட் முறையில் அச்சான படத்தில் புள்ளிகள் பூ வடிவில் ஒழுங்காகத் தெரியும், வீட்டு இங்க்ஜெட் அச்சில் மணல் தூவியதுபோல் சிதறித் தெரியும். இவ்வளவு வெளிப்படையாகச் செய்த பிறகும் குறை சொல்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

பொருள்களில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கேட்ரிட்ஜைத் தொடும் தாள் அமிலமற்றதாக இருக்கட்டும். மேலே போடும் தெளிவான உறைக்கு பிவிசி வேண்டாம், நாளடைவில் அதிலுள்ள மென்மையாக்கி கசிந்து ஒட்டும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பெட் (PET) பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். உள்ளே இடைவெளி நிரப்பச் சாதாரணப் பாலியூரித்தேன் பஞ்சை வைத்தால் சில ஆண்டுகளில் அது பிசுபிசுத்துப் பொடியாகும். பாலியெத்திலீன் நுரை அட்டை நல்லது. சாய மையைவிட நிறமி மை வெளிச்சத்தில் அதிக நாள் தாங்கும், இருந்தாலும் வெயில் படும் சுவரில் அலமாரியை வைக்காதீர்கள். முதல் பெட்டியை அச்சு இல்லாத வெள்ளை அட்டையில் வெட்டி, மடித்து, கேட்ரிட்ஜ் எப்படி நுழைகிறது என்று பார்த்துவிட்டு, அந்த அளவுகளை வைத்தே படத்தை வடிவமைக்கத் தொடங்குங்கள்.