ஐந்நூறு ரூபாயில் ஒரு ஞாயிறு: குரோம்பேட்டைக் குடும்பத்துக்கு ஒரு யோசனை

கேள்வி: குரோம்பேட்டையில் இருக்கிறோம். பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 4. ஞாயிறு விடிந்தால் "எங்கேயாவது போலாம்மா" என்று தொடங்கிவிடுகிறார்கள். மாலுக்குப் போனால் இரண்டாயிரம் ரூபாய் கண்ணெதிரே கரைகிறது. மாதம் இரண்டு முறை, ஒவ்வொரு தடவையும் சுமார் ஐந்நூறு ரூபாய்க்குள், திறந்தவெளியில் எங்கே போகலாம்? மாமியாரும் வருவார். அவருக்கு முட்டி வலி.

பதில்: கடைசியாகப் போய்வந்த இடத்தின் செலவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் நுழைவுச் சீட்டு ஓரமாக நிற்கும். ஆட்டோ, மதியச் சாப்பாடு, பலூன், ஐஸ்கிரீம் இந்த நான்கும்தான் பணத்தைத் தின்றிருக்கும். அதனால் இடத்துக்கு முன்னால் வழியைப் பாருங்கள். உங்கள் வீட்டருகே ஓடுகிற சென்னைக் கடற்கரை–செங்கல்பட்டு ரயில் பாதையிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது.

தாம்பரத்திலிருந்து கடற்கரை வரைக்குமே மின்சார ரயிலில் சாதாரண வகுப்புக்கு 10 ரூபாய்தான். 5 வயது ஆகாத பெண்ணுக்கு டிக்கெட் வேண்டாம், பையனுக்கு அரை டிக்கெட். மூன்று பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும் போய்வர எழுபது ரூபாயைத் தாண்டாது. இறங்கிய பிறகு பஸ் தேவைப்பட்டால், முகப்பில் பிங்க் அடித்த சாதாரணக் கட்டண பஸ்ஸுக்கு நில்லுங்கள். உங்களுக்கும் மாமியாருக்கும் அதில் காசில்லை. மிச்சம் நானூற்றுச் சொச்சம் உங்கள் கையில்.

முதல் தடவைக்குக் கிண்டி சிறுவர் பூங்கா. ஸ்டேஷனிலிருந்து அடையாறு பக்கம் போகும் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். புதுப்பித்து 2024-இல் மறுபடி திறந்தார்கள். நான்கு வயதுக் குழந்தையின் காலுக்கு அளவான இடம். பக்கத்திலேயே பாம்புப் பண்ணை, 1972-இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. பையன் அங்கே கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவான், அவசரப்படுத்தாதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். ஆனால் பள்ளி விடுமுறையில் கிழமை தெரியாமல் கிளம்பிவிடாதீர்கள்: செவ்வாய்க்கிழமை இரண்டுக்கும் விடுமுறை, வண்டலூருக்கும் அன்றுதான்.

வண்டலூர் உங்களுக்கு ஸ்டேஷன் கணக்கில் இன்னும் வசதி. ஆனாலும் இப்போதைக்குத் தள்ளிவைக்கச் சொல்வேன். 602 ஹெக்டேர். சிங்கத்தைப் பார்த்துவிட்டுப் புலியைத் தேடி நடப்பதற்குள் சின்னவள் உங்கள் இடுப்பில் ஏறியிருப்பாள், மாமியார் பாதி வழியில் உட்கார்ந்திருப்பார். பேட்டரி வண்டிக்குத் தனிக் காசு. பெண்ணுக்கு ஏழு வயதாகட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது மெரினாதான். ஆனால் மாலையில் அல்ல. மாலை மெரினா ஒரு சந்தை: சுண்டல், பஜ்ஜி, குதிரை, ராட்டினம், பத்தடிக்கு ஒரு பேரம். விடியற்காலையில் அதே மணலில் விற்க ஆளில்லை. ஐந்து மணி வாக்கில் ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பக்கத்தில் பார்க் டவுனில் பறக்கும் ரயில் மாறி, கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடங்கள். மார்கழி, தை மாதங்களில் சூரியன் ஆறரை வாக்கில்தான் எழும், பிடித்துவிடலாம். சித்திரையில் முடியாது, நீங்கள் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும். கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே நொச்சிக்குப்பத்தில் படகுகள் கரையேறும் நேரம் அது. வலையிலிருந்து ஒவ்வொரு மீனாகப் பிரித்தெடுப்பதைப் பையன் பார்க்கட்டும். வேலை செய்கிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் தள்ளி நின்று கேட்டால் மீனின் பெயரையும் சொல்வார்கள். சின்னவளுக்கு மணல் நண்டுகள் போதும். ஓடும், நிற்கும், வளைக்குள் மறையும். அவளுக்கு ஒரு மணி நேரம் ஓடிவிடும். எட்டரைக்குள் கிளம்பிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். மெரினாவில் அலைக்கு அடியில் மணல் திடீரென்று பள்ளமாகும், திரும்பும் நீர் காலை வாரிவிடும். நீச்சல் தெரிந்த பெரியவர்களையே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பிள்ளை கையை விட்டுவிட்டு செல்ஃபி எடுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

மார்ச், ஏப்ரலில் ஒரு மாலையைப் பெசன்ட் நகருக்கு ஒதுக்குங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, ஒரு குழிக்குச் சுமார் நூறு முட்டை இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். வனத்துறையும் தன்னார்வலர்களும் முட்டைகளை எடுத்து வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காப்பார்கள். சுமார் ஒன்றரை மாதத்தில் குஞ்சு வெளிவரும். அன்று பொரித்தவற்றை மாலை மங்கும் நேரத்தில் கடலில் விடுவார்கள், ஓரமாக நின்று பார்க்கலாம். தினமும் நடக்கும் என்று சொல்ல முடியாது. எதுவும் பொரிக்காவிட்டால் அன்று கடற்கரைக் காற்றுதான். குழந்தைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேமரா ஃபிளாஷ், டார்ச் கூடாது. குஞ்சுகள் வெளிச்சத்தை நம்பித்தான் கடலுக்கு வழி கண்டுபிடிக்கின்றன.

பள்ளிக்கரணையை உங்கள் பக்கத்துக்காரர்களே மறந்துவிடுகிறார்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்பு நிலம். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் உள்ள சூழலியல் பூங்காவில் நடைபாதை இருக்கிறது. குளிர்காலக் காலையில் கூழைக்கடா, நீர்க்காகம், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரை. ரேடியல் ரோட்டோரம் வண்டியை நிறுத்திப் பார்க்காதீர்கள், லாரி பறக்கிற சாலை அது. பறவைக்குப் பின்னாலேயே பெருங்குடி குப்பை மேடு தெரியும். "அது ஏன்மா இங்க இருக்கு?" என்று பையன் கேட்பான். பதிலை யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.

புதிதாக வந்த பூங்காக்களுக்குப் போகும் முன் உள்ளே எதற்கெல்லாம் தனிச்சீட்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கதீட்ரல் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா அழகுதான். ஆனால் நுழைவு வேறு, ஜிப்லைன் வேறு, பறவையகம் வேறு. வாசலில் வாங்கிய சீட்டோடு முடியாது. ஒன்பது வயதுப் பையனை ஜிப்லைனுக்குக் கீழே நிறுத்தி "வேண்டாம்டா" என்று சொல்லும் கொடுமையை நீங்களே தேடிப்போக வேண்டாம்.

சாப்பாடு வீட்டிலிருந்துதான். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், எவர்சில்வர் டப்பாவில். கிண்டியிலும் வண்டலூரிலும் பிளாஸ்டிக் பைக்கு அனுமதி இல்லை. பணத்தில் ஐம்பது ரூபாயைப் பையன் கையில் கொடுத்து, "உனக்கும் தங்கச்சிக்கும் இதுதான், என்ன வேணும்னு நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிடுங்கள். உங்களிடம் நச்சரிப்பவன் தானே கணக்குப் பார்க்கத் தொடங்குவான். என் வீட்டில் இது பலித்தது. இரண்டாம் தடவை ஐஸ்கிரீமை மாங்காய்ப் பத்தை ஜெயித்தது.

மாமியார் விஷயம். அவருக்குச் சேத்துப்பட்டு ஏரிப் பூங்கா தோது. ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது, உட்கார்ந்து ஏரியைப் பார்க்கலாம், பேரப்பிள்ளைகள் கண் பார்வையிலேயே ஓடுவார்கள். படகுக்குத் தனிக் கட்டணம். முட்டி வலிக்காரர்களுக்கு உண்மையான தொல்லை பூங்கா அல்ல, ஸ்டேஷன் படிக்கட்டு. காலையில் தெம்பாக ஏறிவிடுவார், திரும்பும்போதுதான் முடியாது. மிச்சம் பிடித்ததில் இருநூறு, முந்நூறு ரூபாயை அதற்கென்று தனியாக வையுங்கள். வரும்போது அவரையும் தூங்கி வழியும் சின்னவளையும் ஆட்டோவில் ஏற்றி உங்கள் கணவரோடு அனுப்பிவிட்டு, நீங்களும் பையனும் ரயிலில் வாருங்கள். மெரினாவிலிருந்து குரோம்பேட்டை வரைக்கும் ஆட்டோவுக்கு அது பத்தாது என்றால் எழும்பூர் வரை மட்டும். அங்கிருந்து உட்கார இடம் இருக்கும் ரயிலாகப் பார்த்து ஏறிக்கொள்ளலாம்.