கெனனா, சோனியா? கைக்கடக்கமான கமரா பற்றிய கேள்விகள்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் சின்னக் கமரா பற்றிய கேள்விகள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் விடுமுறைக்கு ஊர் வரும் காலம் நெருங்குகிறது. "என்ன கொண்டு வர?" என்று அவர்கள் அங்கிருந்து கேட்க, திருகோணமலையில் இருப்பவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். ஏறக்குறைய இதையே வேறு நான்கு பேரும் கேட்டிருந்தார்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் தம்பி ஆடி மாதம் வருகிறான். பாவித்த கமரா இரண்டு பார்த்து வைத்திருக்கிறான். ஒன்று கெனன் ஜி7 எக்ஸ் மார்க் 2, மற்றது சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். பள்ளிக்கூட நிகழ்ச்சி, கோயில், கடற்கரை, இவ்வளவுதான் என் தேவை. எதைக் கொண்டு வரச் சொல்ல? (ஆசிரியை, உப்புவெளி)

ரீச்சர், கெனனைக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

முதலில் ஒன்று. படத்தின் தரத்தை வைத்து இந்த இரண்டுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டிலும் இருப்பது 13.2 × 8.8 மில்லிமீட்டர் சென்சார் (ஒளியைப் படமாக்கும் பகுதி), இரண்டும் 20 மெகாபிக்சல், இரண்டு லென்சும் அகலக் கோணத்தில் எஃப் 1.8 வரை திறக்கும் (எஃப் எண் சிறிதானால் ஒளி கூட உள்ளே வரும்). ஒரே காட்சியை இரண்டிலும் எடுத்து அச்சடித்து மேசையில் வைத்தால், எது எதில் எடுத்தது என்று என்னாலும் சொல்ல முடியாது. சோனி 2014இல் வந்தது, கெனன் 2016இல் வந்தது. அந்த இரண்டு வருட வித்தியாசமும் படத்தில் தெரியாது. கையில் பிடிக்கும்போதுதான் வேறுபாடு தெரியவரும்.

லென்ஸை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 24 மி.மீ.இல் தொடங்குகின்றன (இந்த எண் கூடக் கூடத் தூரத்தில் உள்ளது கிட்ட வரும்). சோனி 70இல் நின்றுவிடும், கெனன் 100 வரை போகும். எண்ணாகப் பார்த்தால் 30தான். ஆனால் இல்ல விளையாட்டுப் போட்டியில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, அஞ்சல் ஓட்டத்தில் கோல் வாங்கும் உங்கள் பிள்ளையை எடுத்துப் பாருங்கள். 70இல் பிள்ளையோடு பக்கத்துத் தடத்தில் ஓடுபவர், நடுவர், பின்னால் நிற்கும் கூடாரம் எல்லாம் சேர்ந்து வரும். 100இல் பிள்ளை மட்டும் வரும். வீட்டில் முகம் எடுக்கவும் 100தான் நல்லது. 24இல் கிட்டப் போய் எடுத்தால் மூக்கு பெருத்துத் தெரியும். சூமை முழுதாக நீட்டினால் (கெனனில் 100, சோனியில் 70) இரண்டு கமராவும் எஃப் 2.8 தருகின்றன, அதனால் பின்னணி கொஞ்சம் கரைந்து முகம் எடுப்பாகத் தெரியும்.

அடுத்தது தொடுதிரை. கெனனில் உண்டு, சோனி மார்க் 3இல் இல்லை. கெனனில் பிள்ளையின் முகத்தை விரலால் தொட்டால் அங்கே குவியம் (போகஸ்) போய் நிற்கும். சோனியில் பொத்தானை அமத்தி அமத்திக் குவியப் புள்ளியை நகர்த்த வேண்டும். நகர்த்தி முடிக்கும்போது பிள்ளை மாமரத்தடிக்குப் போயிருக்கும்.

பிடிமானத்தையும் சொல்ல வேண்டும். சோனியின் முன்பக்கம் வழுவழு என்றிருக்கும். கச்சான் காற்று வீசும் மாதத்தில் உள்ளங்கை வேர்த்த நேரம் அது வழுக்கும். கெனனில் விரல் பதிக்க றப்பர் மேடு இருக்கிறது. கெனன் 319 கிராம், சோனி 290 கிராம். இரண்டும் 4 சென்ரிமீட்டருக்குச் சற்றுக் கூடத் தடிப்பு, எனவே சட்டைப்பையை மறந்துவிடுங்கள். கைப்பையில் தாராளமாக அடங்கும்.

உங்கள் தேவைக்குப் பார்த்தால் சோனியில் இருக்க, கெனனில் இல்லாதது ஒன்றே ஒன்று, ஆனால் அது பெரிய விஷயம்: கண்ணை வைத்துப் பார்க்கும் காட்சிகாண் கண்ணாடி. பகல் பன்னிரண்டு மணிக்கு நிலாவெளி மணலில் நின்று எந்தக் கமராத் திரையைப் பார்த்தாலும் உங்கள் முகம்தான் தெரியும், படம் தெரியாது. சோனியில் இடப்பக்க விளிம்பில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை இழுத்தால் மேலே ஒரு பெட்டி துள்ளி எழும். எழுந்தவுடன் கண்ணை வைக்கக்கூடாது. பின்பக்கத் துண்டை இன்னும் கொஞ்சம் உங்களை நோக்கி இழுக்க வேண்டும். இழுக்காமல் பார்த்தால் எல்லாம் மங்கலாகத் தெரியும். "பழுதாய்ப் போச்சு" என்று என்னிடம் கொண்டு வந்தவர்கள் உண்டு. திரும்ப அமத்தி மூடினால் கமராவும் சேர்ந்து அணைந்துவிடும்.

நீங்கள் நாள் முழுதும் வெயிலில் நின்று எடுப்பவராக இருந்தால் இதற்காகவே சோனி என்றுதான் சொல்லியிருப்பேன். உங்கள் படங்கள் வீட்டிலும் மண்டபத்திலும் மாலை நேரக் கடற்கரையிலும்தான். உங்களுக்கு 100 மி.மீ.உம் தொடுதிரையும்தான் அதைவிட அதிகம் பயன்படும்.

தம்பி காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. சூமைப் பத்துத் தடவை முன்னும் பின்னும் ஓட விட்டுக் காதைக் கிட்ட வைத்துக் கேட்கட்டும், மணல் அரைக்கும் சத்தம் வந்தால் வேண்டாம். எஃப் 11இல் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெருப்பித்துப் பார்க்கட்டும், கறுப்புப் புள்ளிகள் இருந்தால் உள்ளே தூசி போயிருக்கிறது என்று அர்த்தம். லென்ஸுக்குள் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் பூஞ்சணம் சிலந்தி வலை போலத் தெரியும். மேலதிகமாக ஒரு பற்றரியும் வாங்கி வரட்டும். நிறுவனக் கணக்குப்படி கெனன் ஒரு சார்ஜில் சுமார் 265 படம்தான் எடுக்கும், சோனி 320.

காலையில் டச்சுக்குடாப் பக்கம் நடக்கும்போது படம் எடுப்பேன். ஓய்வு பெற்றவன், மூக்குக் கண்ணாடி போடுகிறேன். எனக்கும் இதே இரண்டில் எது? (திருகோணமலை நகர்)

ஐயா, உங்களுக்குச் சோனி. சூரியன் கடலுக்கு மேல் ஏறிவிட்டால் அந்தப் பக்கம் திரை பார்த்துப் படம் எடுப்பது கண்ணைக் கட்டிவிட்டது போலத்தான். காட்சிகாண் கண்ணாடியின் மேலே ஒரு சின்ன நெம்பு இருக்கிறது. அதை நகர்த்தி உங்கள் பார்வைக்கு ஏற்பச் சரி செய்துகொண்டால், பலருக்கு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்க முடியும்.

கடுமையான வெயிலுக்கு இரண்டு கமராவிலும் இன்னொரு வசதி உண்டு. லென்ஸுக்குள் ஒரு கருவடிகட்டி. கமராவுக்கு ஒரு கூலிங் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும். இவற்றின் ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் கதவு) திறந்து மூடும் அதிகபட்ச வேகம் 1/2000 விநாடி. வெள்ளை மணலில் எஃப் 1.8 வைத்தால் அந்த வேகமும் போதாமல் படம் வெளிறும். அப்போது மெனுவில் அதைப் போட்டுவிடுங்கள்.

என் போனில் 108 மெகாபிக்சல். 20 மெகாபிக்சல் கமரா எதற்கு? (மூதூர்)

தம்பி, அந்த 108உம் அப்படியே படமாக வருவதில்லை. சாதாரணமாக எடுக்கும்போது ஒன்பது பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத்தான் போன் சேமிக்கிறது. தவறில்லை, நல்ல முறைதான். பகல் வெளிச்சத்தில் நல்ல போன் எடுத்த படமே போதும், அதற்காகக் கமரா வாங்க வேண்டாம் என்று நானே சொல்வேன்.

இரவில் அசையும் ஆள், தூரத்தில் நிற்கும் மான், இருட்டு மண்டபத்தில் ஆடும் பிள்ளை, இவை மூன்றிலும்தான் போன் தடுமாறும். நிற்கும் பொருள் என்றால் பல படங்களை அடுக்கி இருட்டைச் சமாளிக்கும், ஆள் அசைந்தால் அந்த வித்தை பலிக்காது. தூரத்துக்குப் பல போன்கள் இருக்கும் படத்தை வெட்டித்தான் பெருப்பிக்கின்றன. கமராவில் கண்ணாடியே நகர்ந்து கிட்டக் கொண்டு வருகிறது. பிரட்றிக் கோட்டைக்குள் மான்கள் எப்படியும் கிட்ட வரும், 100 மி.மீ. தாராளம். தின்ன ஒன்றும் நீட்டாதீர்கள், பொலித்தீனோடு சேர்த்து விழுங்கிவிடும். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் அந்தப் பக்கம் கமராவைத் திருப்பவும் வேண்டாம். கடற்படைத் தளத்துக்கும் இதேதான்.

சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும்போது எடுத்த படங்களில் சுவாமியின் முகம் வெள்ளையாய்ப் போகிறது. சிலவற்றில் குறுக்கே கறுப்புப் பட்டை. (வாசகி, திருகோணமலை நகர்)

முகம் வெளிறுவதற்குக் காரணம் சுற்றிலும் உள்ள இருட்டு. கமரா முழுச் சட்டத்தையும் பார்த்து "இருட்டாய் இருக்கிறது" என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. ஒளித் திருத்தத்தை -0.7 அல்லது -1க்கு இறக்குங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம். அது மாலைகளின் நிறத்தைக் கொன்றுவிடும், தீபத்தின் பொன்னிறமும் போய்விடும்.

கறுப்புப் பட்டை வருவது எல்ஈடி விளக்குகளால். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விளக்கு செக்கனுக்கு 100 தடவை மினுங்குகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/100இல் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் பட்டை போய்விடும். சுவாமி மெதுவாகத்தானே அசைந்து வருகிறார், 1/100 போதும். லென்ஸை எஃப் 1.8க்குத் திறந்து, ஐஎஸ்ஓவை (கமரா ஒளியை உணரும் அளவு) தானியங்கியில் விட்டு, 3200க்கு மேல் போகாமல் கட்டிவிடுங்கள். வீடியோ என்றால் 1/50.

இன்னொன்று. சுவாமியை மட்டும் எடுக்காதீர்கள். வாசலில் நிறைகுடம் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களின் முகத்தில் தீபவெளிச்சம் விழும் அந்த ஒரு கணத்தை எடுங்கள். பத்து வருடம் கழித்துத் தேடிப் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். கோயிலுக்குள்ளே எடுப்பது என்றால் முதலில் அங்கே கேட்டுவிடுங்கள்.

நிலாவெளியில் படம் எடுத்த பிறகு லென்ஸ் பாதி வெளியே வந்து நிற்கிறது. உள்ளே போகவும் இல்லை. என்ன செய்வது? (கிண்ணியா)

எனக்கும் இது நடந்திருக்கிறது, சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் கடற்கரையில் துவாயில் கமராவை வைத்துவிட்டுக் கடலில் இறங்கினேன். திரும்பி வந்து துவாயை உதறினேன், அவ்வளவுதான். அடுத்த தடவை கமராவை இயக்கியபோது லென்ஸ் "கிர்" என்று ஒரு தரம் முனகிவிட்டு நின்றது. விரலால் தள்ளினேன். தள்ளியதுதான் பிழை. ஒரு மணல் பரலுக்காக உள்ளே இருந்த பல்சக்கரத்தை நானே உடைத்தேன். திருத்தக் கேட்ட காசுக்கு வேறு கமரா வாங்கியிருக்கலாம்.

அதனால் தள்ளாதீர்கள், இழுக்காதீர்கள், திரும்பத் திரும்ப இயக்கியும் பார்க்காதீர்கள். பற்றரியைக் கழற்றுங்கள். லென்ஸ் நிலத்தைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பிடித்து, றப்பர் ஊதுகுழாயால் குழல்களின் இடுக்கைச் சுற்றி ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் போகும். ரயர்க் கடைக் காற்று மணலை இன்னும் உள்ளே தள்ளும். ஊதி முடிந்ததும் முழுச் சார்ஜ் உள்ள பற்றரியைப் போட்டு ஒரே ஒரு தடவை இயக்கிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் திருத்துபவரிடம் கொடுங்கள்.

மேலே சொன்ன கெனன், சோனி இரண்டும் லென்ஸ் நீண்டு உள்வாங்கும் வகைதான், இரண்டுக்கும் தூசிக் காப்பு இல்லை. கச்சான் வீசும் பின்னேரம் கடற்கரையில் கமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த லேஞ்சியால் உடம்பைத் துடைத்துவிடுங்கள், உப்பு போகும். கண்ணாடியை அதே லேஞ்சியால் தொட வேண்டாம். மாரி தொடங்கியதும் அலுமாரியில் துணிகளுக்கு நடுவே வைப்பதை விட்டுவிட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பார்கள் சிலர். அரிசித் தூசிதான் உள்ளே போகும்.

புறாமலையில் தண்ணீருக்குள் எடுக்க இவற்றில் எது நல்லது? (நிலாவெளி)

இரண்டும் இல்லை. ஒரு துளி உப்புத் தண்ணீர் போதும், கதை முடிந்தது. மலிவான பொலித்தீன் உறைகளை நம்பி இறக்கவும் வேண்டாம். தண்ணீருக்கென்றே செய்த ஒலிம்பஸ் டஃப் டிஜி-6 போன்ற கமரா 15 மீட்டர் ஆழம் தாங்கும், லென்ஸும் வெளியே நீளாது. அதன் சென்சார் சிறியது, இரவுப் படங்களில் மேற்சொன்ன இரண்டையும் எட்டாது. சுறாக்குட்டி எடுக்கும் ஆர்வத்தில் பவளப் பாறையில் கால் வைத்து நிற்காதீர்கள். மிதந்தபடியே எடுங்கள்.

இப்போது பிள்ளைகள் பழைய சிசிடி கமரா (முந்திய வகைச் சென்சார் உள்ளது) தேடுகிறார்கள். அலுமாரியில் ஒன்று கிடக்கிறது, மகளுக்குக் கொடுக்கலாமா? (தம்பலகாமம்)

கொடுங்கள். அதன் நிறமும் நேராக அடிக்கும் பிளாஷும்தான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, நல்லாய்த்தான் இருக்கும். கார்ட்டைக் கவனியுங்கள். 2006க்கு முந்திய கமரா பல 2 ஜிபிக்கு மேல் படிக்காது. புது 64 ஜிபி கார்ட்டைப் போட்டுவிட்டுக் கமரா பழுது என்று நினைக்க வேண்டாம். பற்றரி உப்பியிருந்தால் போட வேண்டாம்.

20 மெகாபிக்சல் படத்தை எவ்வளவு பெரிதாக அச்சடிக்கலாம்? (கன்னியா)

இந்தக் கமராக்கள் தரும் படம் 5472 × 3648 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் 18 × 12 அங்குலம் வரை அப்படியே போகும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பது என்றால் 200 புள்ளியும் போதும், 27 × 18 வரை போகலாம். அல்பத்துக்கு 4 × 6 போட 2 மெகாபிக்சலுக்குச் சற்றுக் கூட இருந்தால் சரி. ஸ்டூடியோவுக்கு வட்சப்பில் அனுப்பி அச்சடிக்கக் கொடுக்காதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். கார்ட்டையே கையில் கொண்டு போங்கள்.