அந்த அட்டவணை அப்படிச் சொல்லவில்லை
எந்த வயதினர் எந்தத் துறையில் வேலை செய்கிறார்கள் என்ற அட்டவணையில் இளைஞர்கள் ஓட்டலிலும் கடையிலும், முதியவர்கள் விவசாயத்திலும் அதிகம் இருப்பதால், வயதாக ஆக மக்கள் விவசாயத்துக்கு மாறுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. உங்கள் அட்டவணை ஒரே ஓர் ஆண்டின் நிலவரம். இன்று 60 வயதில் உழுபவர் அநேகமாக 20 வயதிலும் உழுதவர்தான். பின்னால் வந்த தலைமுறை அந்தப் பக்கம் வரவில்லை, அவ்வளவே. சொந்த நிலத்தில் உழைப்பவருக்குக் கட்டாய ஓய்வு வயதும் கிடையாது. அதே வயதுச் சம்பளக்காரர் ஓய்வு பெற்று விலகிய பிறகும் விவசாயி வேலை செய்வோர் கணக்கில் நீடிக்கிறார்.

ஓட்டல் வேலை வேறு கதை. பெரும்பாலும் முன் அனுபவம் கேட்பதில்லை, பகுதிநேரமாகவும் கிடைக்கிறது. படிக்கும்போது நுழைந்து, முடித்ததும் பலர் வெளியேறிவிடுகிறார்கள். இங்கே வயது உண்மையாகவே துறையை மாற்றுகிறது.

தலைமுறையால் வரும் வேறுபாட்டையும் வயதால் வரும் மாற்றத்தையும் பிரித்தறிய, பத்து ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கெடுப்பின் 25–34 வயதினரை இன்றைய 35–44 வயதினருடன் ஒப்பிடுங்கள். ஏறக்குறைய அதே ஆட்கள்தானே!

இன்னொன்று: ‘இளைஞர்களில் எத்தனை சதவீதம் கடையில்’ என்பதும் ‘கடை ஊழியர்களில் எத்தனை சதவீதம் இளைஞர்கள்’ என்பதும் வெவ்வேறு கேள்விகள். 15–24 வயதில் பலர் படிப்பதால் வேலையில் இருப்போரே குறைவு. உங்கள் அட்டவணையில் எது 100 சதவீதம் என்பதை முதலில் பாருங்கள்.