டர்போ பூஸ்ட் சொன்னபடி கேட்காதபோது: கேள்வி பதில்

டியூன் செய்த காரில் பூஸ்டுக்கு, அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தத்துக்கு, இலக்கு 1.2 பார். ஆனால் 0.8-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. மென்பொருளில், பூஸ்டைக் கட்டுப்படுத்தும் மின் வால்வான சோலனாய்டு இயங்கும் அளவைக் கூட்டிவிடலாமா?

மென்பொருளை இப்போது தொடாதீர்கள். சோலனாய்டை விலக்கிவிட்டு, கம்ப்ரசரிலிருந்து (டர்போவில் காற்றை அழுத்தும் பகுதி) வரும் அழுத்தக் குழாயை நேரே வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டரில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். வேஸ்ட்கேட் என்பது புகையின் ஒரு பகுதியை டர்போவைச் சுழற்றாமல் வெளியே விட்டுப் பூஸ்டை அடக்கும் வழி. ஆக்சுவேட்டர் அதன் மூடியை ஸ்பிரிங்கால் மூடி வைத்து, காற்றழுத்தம் வந்தால் திறக்கும். அப்போது வருவது ஏறத்தாழ ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே. அதே 0.8 வந்தால், இத்தனை நாளும் சோலனாய்டு வேலையே செய்யவில்லை. மின் இணைப்பையும், குழாய்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். ஸ்பிரிங்கின் அளவைக்கூட எட்டவில்லை என்றால் காற்று எங்கோ கசிகிறது, அல்லது வேஸ்ட்கேட் முழுதாக மூடவில்லை. எஞ்சினை நிறுத்தி, காற்று உள்ளே போகும் வழியில் அழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். எந்தப் பூஸ்ட் பழுதுக்கும் நான் சோலனாய்டை விலக்கி ஓட்டும் சோதனையில்தான் தொடங்குவேன்.

3000 ஆர்பிஎம்மில் 1.5 வரை பாய்ந்து, உடனே 1.2-க்கு இறங்கி நிற்கிறது.

வேஸ்ட்கேட் தாமதமாகத் திறக்கிறது. ஸ்பிரிங்கை மட்டும் நம்பி ஓட்டும்போது இந்தப் பாய்ச்சல் இல்லையென்றால், பூஸ்ட் ஏறும் அந்த இடத்தில் சோலனாய்டின் அளவைக் குறையுங்கள். ஆக்சுவேட்டருக்குப் போகும் குழாய் நீளமாக இருந்தால் வெட்டிச் சுருக்குங்கள்.

எனக்கு நேர்மாறு. இலக்கைத் தொட்ட பிறகும் ஆர்பிஎம் கூடக் கூடப் பூஸ்டும் ஏறுகிறது. சோலனாய்டைச் சுழியத்தில் வைத்தும் அடங்கவில்லை.

இதை மென்பொருளால் தீர்க்க முடியாது. அப்படித் தீர்த்துத் தருவதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேஸ்ட்கேட்டின் மூடி முழுதாகத் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். திறந்தும் ஏறுகிறது என்றால், புகை வெளியேற வேஸ்ட்கேட்டின் துளை போதவில்லை. தடையில்லாத சைலன்சரைப் பொருத்திய பிறகு இது அடிக்கடி தலைகாட்டும். துளையைப் பெரிதாக்க வேண்டும், அல்லது டர்போவுக்கு வெளியே தனி வேஸ்ட்கேட் பொருத்த வேண்டும். அதுவரை முழு ஆக்சிலரேட்டர் கொடுக்காதீர்கள். பிஸ்டன் உடைந்த பிறகு வருந்திப் பயனில்லை.

ஓட்டும்போது எஞ்சின் கணினியின் அளவீடுகளைப் பதிவு எடுக்கையில் பூஸ்டை மட்டும் எடுத்தால் போதுமா?

போதாது. இலக்கு, உண்மையான பூஸ்ட், சோலனாய்டின் அளவு, ஆர்பிஎம், த்ராட்டில் (எஞ்சினுக்குள் காற்றை விடும் மடல்) திறப்பு ஐந்தும் ஒரே பதிவில் வேண்டும். கணினி தானே த்ராட்டிலை மூடினாலும் பூஸ்ட் விழும். அதைக் கசிவென்று எண்ணிக் குழாய்களை எல்லாம் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.

ஆக்சுவேட்டரின் குழாய் கழன்றால் பூஸ்ட் குறையுமா?

கூடும். திறக்கச் சொல்லும் அழுத்தம் வேஸ்ட்கேட்டுக்குப் போய்ச் சேராது, பூஸ்ட் கட்டின்றி ஏறும். அந்தச் சிறு குழாயின் இரு முனைகளிலும் இன்றே கிளாம்ப் போட்டுவிடுங்கள்.