22 லட்சமா, 39 மாதமா?

கேள்வி: வயது 51. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் 24 வருடமாக சிஎன்சி ஆபரேட்டர். பேசிக், டிஏ சேர்த்து 32,000. கைக்கு வருவது 45,000. விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) எழுதிக் கொடுத்தால் 'மொத்தம் 22 லட்சம்' என்கிறார்கள். 15 நாள் கெடு. 'இப்போது விட்டால் அப்புறம் ஒன்றும் கிடைக்காது' என்கிறார் ஹெச்ஆர். மகள் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். வீட்டுக் கடன் 6 லட்சம் பாக்கி. பணம் வந்தால் சேர்ந்து மெடிக்கல் ஷாப் போடலாம் என்கிறார் மச்சான். என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், கொரட்டூர்

பதில்: 'மொத்தம்' என்கிறார்களே, சூட்சுமம் அதில்தான். கிராஜுவிட்டியும் (சர்வீஸுக்கான பணிக்கொடை) அதற்குள் அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிராஜுவிட்டி கணக்கு இதுதான்: 32,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 24-ஆலும் பெருக்கினால் சுமார் 4.43 லட்சம். நாளைக்கே ராஜினாமா செய்தாலும் உங்களுக்கு வர வேண்டிய பணம் அது. அதைக் கழித்தால் மிச்சம் 17.57 லட்சம், அதாவது உங்களுடைய 39 மாதச் சம்பளம். 58 வயதில் ஓய்வு என்றால் இன்னும் 84 மாதம் இருக்கிறது. விஆர்எஸ் தொகையில் வரிவிலக்கும் 5 லட்சம் வரைதான்.

ஹெச்ஆர் சொல்வது பயமுறுத்தல். ஆட்குறைப்பே செய்தாலும் சட்டப்படி வருடத்துக்கு 15 நாள் சம்பளம், கூடவே கிராஜுவிட்டி. விஆர்எஸ்ஸைவிடக் குறைவுதான், ஆனால் 'ஒன்றுமில்லை' இல்லை.

நானும் 2003-ல் பாடியில் ஒரு கம்பெனியில் கையெழுத்துப் போட்டவன். மறுநாளும் 4.45-க்கு விழிப்பு வந்துவிட்டது. கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. மனைவி பழக்க தோஷத்தில் எலுமிச்சை சாதம் கட்டி வைத்திருந்தாள். ஒன்பது மணிக்கு ஹாலில் உட்கார்ந்து அந்த டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன். எனக்கும் ஒரு மச்சான் இருந்தார். கொளத்தூரில் டைல்ஸ் கடை. போட்ட 3 லட்சமும் போய், இப்போது கல்யாண வீடுகளில் மட்டும் பேசிக்கொள்கிறோம்.

பிஎஃப் பென்ஷனை 50 வயதிலிருந்தே வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வாங்கலாம்தான். ஆனால் 58-க்கு முந்தைய ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறைப்பார்கள், அதுவும் ஆயுசு முழுக்க. வீட்டில் யாருக்காவது சுகர், பிரஷர் இருந்தால், கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ் நிற்பதற்குள் சொந்த பாலிசிக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.

சரி, முடிவு? உங்கள் ஷாப் ஃப்ளோரைப் பாருங்கள். மெஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றுகிறார்களா, நைட் ஷிப்ட் நின்றுவிட்டதா? அப்படியானால் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். முதலில் வீட்டுக் கடனை அடையுங்கள். ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறது, உங்கள் இடத்தில் கான்ட்ராக்ட் பையன்களை நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு என்றால், நானாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன். எதற்கும் கெடு முடிவதற்குள் திருமழிசை, ஒரகடம் பக்கம் இரண்டு கம்பெனி ஏறி இறங்குங்கள். 51 வயது ஆபரேட்டருக்கு என்ன சம்பளம் சொல்கிறார்கள் என்று உங்கள் காதாலேயே கேளுங்கள்.

அதுவரை மச்சானிடம் தொகையைச் சொல்ல வேண்டாம்.