மேசைக்கு முன்னால் யார்?

கேள்வி: 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் மண்டையோடு, மணற்கடிகாரம், அணைந்த விளக்கு என்று மேசைமேல் பரப்பி வரைந்தார்களே! மனிதர்களே இல்லாத அந்தப் படங்களில் அப்படி என்ன இருக்கிறது? எந்தப் பொருளுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு பட்டியல் தர முடியுமா?

பதில்: பட்டியல் அப்புறம். ‘மனிதர்களே இல்லாத’ என்கிறீர்களே, அதை முதலில் பார்ப்போம்.

ஹார்லெம் நகரத்து பீட்டர் கிளாஸ் 1628 வாக்கில் வரைந்த ஒரு படம் நியூரம்பெர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மண்டையோடு, வயலின், பாக்கெட் கடிகாரம், கவிழ்ந்து கிடக்கும் கோப்பை. கூடவே ஒரு கண்ணாடி உருண்டை. அந்த உருண்டையை உற்றுப் பாருங்கள். அறை மொத்தமும் அதற்குள் வளைந்து தெரியும். அங்கே உட்கார்ந்து இதே படத்தை வரைந்துகொண்டிருப்பவர் கிளாஸ்தான். மண்டையோட்டுக்குப் பக்கத்திலேயே, உயிரோடு, வேலையில் இருக்கிறார்.

ஆண்ட்வெர்ப் ஓவியர் கிளாரா பீட்டர்ஸ் இதைப் பல வருடம் முன்பே செய்துவிட்டார். 1612இல் அவர் வரைந்த பொற்கிண்ணம் ஒன்றில் புடைப்பான குமிழ்கள் வரிசையாக இருக்கும். பல குமிழ்களில் பொட்டளவு அவர் உருவம் பிரதிபலிக்கிறது. ஆணின் உடலைப் பார்த்து வரையப் பெண்களுக்கு அனுமதி இல்லாத காலம் அது. பூவும் பழமும் கிண்ணமும்தான் வரையலாம் என்றால், கிண்ணத்துக்குள்ளேயே தன்னை வரைந்து வைத்தார். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் ஒரு பெண் ஓவியருக்கென்று தனிக் கண்காட்சி வைத்தது 2016இல்தான் முதன்முறை. அது கிளாராவுக்கு. இவ்வளவு தாமதமா என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, பட்டியல். மண்டையோடு என்றால் மரணம், சோப்புக்குமிழி என்றால் மனித வாழ்வு, பூ என்றால் வாடும் அழகு. இது பொய்யில்லை. பைபிளின் ‘மாயை, மாயை, எல்லாம் மாயை’ என்ற வசனத்திலிருந்து வந்த ஓவியவகை இது. அந்த வசனத்தையே சீட்டில் எழுதிப் படத்துக்குள் வைத்தவர்களும் உண்டு. ஆனால் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவர், மண்டையோட்டைக் கண்டதும் ‘ஓ, மரணம்’ என்று அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறார். கையேடுகளோடு எனக்குள்ள சண்டை இதுதான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கிளாஸின் இன்னொரு படம், 1628இல் வரைந்தது, ஏ4 தாளைவிடச் சற்றே பெரிது. பல் உதிர்ந்த மண்டையோடு, இறகுப் பேனா, அணைகிற விளக்குத் திரி, கவிழ்ந்த கோப்பை. கோப்பை கவிழ்ந்தால் வாழ்வு முடிந்தது என்று கையேடு சொல்லிவிடும். அந்தக் கோப்பையின் வளைவில் ஜன்னல் வெளிச்சம் விழுவதை வரைய அந்த மனுஷன் என்ன பாடுபட்டிருப்பார்! எல்லாம் மாயை என்று முழுசாக நம்பியவர் ஒரு கண்ணாடிக் கோப்பைக்கு இத்தனை பொறுமையைச் செலவழிப்பாரா? பொருள்மேல் ஆசை இருந்ததால்தான் அதை விட்டுப்போவது வலித்திருக்கிறது.

லைடன் நகரத்து டேவிட் பெய்லி 1651இல் வரைந்த படத்தையும் தேடிப் பாருங்கள். தூரிகைக் கையைத் தாங்கும் கோலோடு ஓர் இளைஞர் உட்கார்ந்து, ஒரு முதியவரின் சிறு ஓவியத்தைத் தூக்கிக் காட்டுகிறார். பக்கத்தில் மண்டையோடு, மேலே மிதக்கும் குமிழிகள். முதியவர் யார்? பெய்லிதான். அப்போது அவருக்கு 67 வயது. உட்கார்ந்திருக்கும் இளைஞரும் அவரே, என்றோ இருந்தபடி. எது நிஜம், எது படத்துக்குள் படம் என்பதை அப்படியே புரட்டிப்போட்டுவிட்டார். இது எந்தப் பட்டியலில் அடங்கும்?

இப்படிப் பொருள்களை வரைந்தவர்களைத்தான் டச்சு ஓவியர் சாமுவேல் வான் ஹூக்ஸ்ட்ராட்டன் 1678இல் தன் நூலில் ‘கலைப் படையின் சாதாரணச் சிப்பாய்கள்’ என்று மட்டம் தட்டினார். பழத்தட்டு என்றாலே ஆரம்பப் பாடம் என்று ஓவிய வகுப்புகளில் இன்றும் ஒதுக்குகிறார்களே, அந்த நோய்க்கு வயது 300க்கு மேல். ஹூக்ஸ்ட்ராட்டன்மேல் எனக்குக் கோபம் வரக் காரணம் இருக்கிறது. பெய்லி அந்தப் படத்தை முடித்த அதே 1651இல் இவர் வியன்னாவுக்குப் போய்ப் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்டிடம் தன் படங்களைக் காட்டினார். நிஜப் பொருள்தான் என்று நம்பிப் பேரரசர் ஏமாந்தது இவருடைய ஸ்டில் லைஃப் (உயிரற்ற பொருள்களை வரையும் படம்) ஒன்றைப் பார்த்துத்தான். அதற்குப் பொற்சங்கிலியும் பதக்கமும் பரிசு. அந்தப் பதக்கத்தையும் பின்னாளில் வரைந்த ஸ்டில் லைஃப் படத்தில் மறக்காமல் தொங்கவிட்டிருக்கிறார்.