அரிசி வேண்டாம், தேங்காய் எண்ணெய்க்கு அகல வாய் டப்பா வேண்டும்

கேள்வி: என் மகளுக்கு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் புறப்படுகிறாள். இரண்டு பெட்டி, மொத்தம் 46 கிலோதான் கொண்டுபோகலாம். பிரஷர் குக்கர், இட்லிப் பானை, இரண்டு கம்பளி, 5 கிலோ அரிசி எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். அவளோ, "லேப்டாப்பும் நாலு ஜீன்ஸும் போதும்மா" என்கிறாள். தினமும் சண்டை. எதைக் கொடுத்தனுப்புவது?
– ஒரு தாய், பட்டர்வொர்த், மலேசியா

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த அரிசியைப் பிரித்து வீட்டில் சோறாக்கிவிடுங்கள். பல்கலைக்கழகம் இருக்கும் ஆக்ஸ்ஃபர்ட் ரோட்டிலேயே தெற்கே போனால் ரஷோம் வரும். அங்கே வில்ம்ஸ்லோ ரோட்டுக்குக் 'கறி மைல்' என்றே பட்டப்பெயர். அரிசி, பருப்பு, புளி, கடுகு எதற்கும் பஞ்சமில்லை. தேங்காய்ப்பாலுக்கும் பெலாச்சான் என்ற இறால் விழுதுக்கும் சீனக் கடைகள் இருக்கின்றன. கிலோ கணக்கு பார்த்துக் கட்டும் பெட்டியில் அரிசிக்கு இடம் கொடுப்பது வீண்.

குக்கரும் அப்படித்தான். அலுமினிய குக்கர் என்றால் இன்டக்‌ஷன் அடுப்பில் சூடே ஏறாது. அவள் விடுதியில் எந்த அடுப்பு என்று போய்ப் பார்த்த பிறகு அங்கேயே ஒரு பாத்திரம் வாங்கிக்கொள்ளட்டும். இட்லிப் பானையைப் பற்றி என்ன சொல்ல? நம் ஊரில் ராத்திரி வைத்த மாவு காலையில் பாத்திரத்தை விட்டு வழிகிறது. மான்செஸ்டர் நவம்பரில் அதே மாவு இரண்டு நாள் ஆனாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். முதல் வருஷம் தோசைக்கல்லே போதும், அதையும் அங்கேயே வாங்கலாம்.

ஆனால் மிளகாய்த்தூள் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். நீங்கள் வறுத்து அரைத்த தூள் எந்தக் கறி மைலிலும் கிடைக்காது. ஒரு கிலோ கொடுங்கள். இரட்டைப் பையில் போட்டு, என்ன தூள் என்று மேலே எழுதி ஒட்டுங்கள். திருநீறும் அப்படியே: கோயில் பெயர் அச்சடித்த பொட்டலத்தோடு பெரிய பெட்டியில் போகட்டும். பெயரில்லாத வெள்ளைத் தூளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல வேண்டாம். வறுத்த நெத்திலி கொடுக்கலாம். நெய், பால்கோவா, செருண்டிங் என்ற வறுத்த இறைச்சித் துருவல் கூடவே கூடாது. இங்கிருந்து போகிறவர்கள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவர பிரிட்டனில் அனுமதியில்லை. கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம், சம்பால் வதக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். புகை மணி அடித்தால் கட்டடமே வெளியே வந்து நிற்கும். அறையில் விளக்கோ ஊதுபத்தியோ கொளுத்தவும் விடமாட்டார்கள். பாட்டரி விளக்கு ஒன்று வைத்துவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

கம்பளியையும் எடுத்துவிடுங்கள், பெட்டியில் பாதியை அதுவே விழுங்கிவிடும். போர்வை, தலையணை எல்லாம் போய் இறங்கிய அன்றே வாங்கலாம். தடித்த குளிர்கோட்டும் அங்கேதான். மான்செஸ்டரில் குளிரைவிட மழையும் காற்றும்தான் தொல்லை. குடை திரும்பிக்கொள்ளும், தலைமூடி வைத்த மழைக்கோட்டுதான் நிற்கும். இங்கிருந்து உள்ளே போடும் வெப்ப உடை இரண்டு செட், ஒரு சாதாரண ஜாக்கெட் போதும். ஜாக்கெட்டை விமானத்தில் போட்டுக்கொண்டே போனால் எடையிலும் சேராது.

இப்படி மிச்சமாகும் இடத்தில் அங்கே கிடைக்காததையும், கிடைத்தாலும் விலை கடிப்பதையும் வையுங்கள். கண்ணாடி போடுகிறவள் என்றால் இன்னொரு ஜோடி. புறப்படுவதற்கு முன் பல் மருத்துவரிடம் ஒரு முறை போய்வரட்டும், சொத்தைப் பல்லோடு விமானம் ஏற வேண்டாம். விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பீர்களே, அதற்கு அங்கே போனதும் பக்கத்து மருத்துவரிடம் பதிந்துகொண்டால்தான் பயன். தொடர்ந்து சாப்பிடும் மருந்து இருந்தால் அதன் பெட்டியோடும் மருத்துவர் கடிதத்தோடும் போகட்டும். தடுப்பூசிப் பதிவின் நகலும் வேண்டும். முதன்முறை பல்கலைக்கழகம் போகும் இளைஞர்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அங்கே கேட்பார்கள்.

கோடாலித் தைலம் இரண்டு பாட்டில். ஒரு சேலை, தைத்த ரவிக்கையோடு, உள்ளே தையல் கொஞ்சம் விட்டு. தீபாவளிக்கோ மலேசிய மாணவர்கள் நடத்தும் விழாவுக்கோ கட்டாயம் கேட்பாள், அங்கே ரவிக்கை தைக்கும் கூலியில் இங்கே இன்னொரு சேலையே எடுத்துவிடலாம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் கொடுப்பீர்கள் என்று தெரியும். அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், அந்த ஊரில் வருஷத்தில் முக்கால்வாசி கட்டியாகத்தான் இருக்கும். குறுகிய வாய் பாட்டிலில் கொடுத்தால் கத்தியால் குத்தி எடுக்க வேண்டியதுதான்.

பிளக் அடாப்டர் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். அங்கேயும் நம்முடைய அதே மூன்று முள் பிளக், மின்னழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பேனா முனையால் குத்தி ஓட்டையைத் திறந்து செருகுகிறோமே, அந்த இரண்டு முள் சார்ஜர்களை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடட்டும்.

கடவுச்சீட்டு, சேர்க்கைக் கடிதம், எஸ்பிஎம் பள்ளித் தேர்விலிருந்து எல்லா மூலச் சான்றிதழ்கள், லேப்டாப், பவர்பேங்க், கொஞ்சம் பவுண்டு, ஒரு மாற்றுத் துணி: இவை கைப்பையில், தோளை விட்டு இறங்காமல். பவர்பேங்கைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது. விசா இப்போது இ-விசாதான், கையில் அட்டை தரமாட்டார்கள். அதனால் அதற்கான இணையக் கணக்கில் இங்கேயே ஒரு முறை நுழைந்து பார்த்துவிடட்டும். புது போன் வாங்கித் தருவதாக இருந்தால் இப்போதே வாங்கித் தந்து வங்கிச் செயலியை அதில் மாற்றிவிடுங்கள், மலேசிய எண்ணையும் உயிரோடு வைத்திருங்கள். போன பிறகு மாற்றப்போனால் வங்கி கேட்கும் உறுதிப்படுத்தலுக்கு அலைய வேண்டும்.

லேப்டாப்பும் ஜீன்ஸும் போதும் என்கிற உங்கள் மகளுக்கும் ஒரு வார்த்தை: பெட்டியை நீயே அடுக்கு. எது எங்கே இருக்கிறதென்று அங்கே அம்மாவை எழுப்பிக் கேட்க முடியாது. உனக்கு ராத்திரி பத்து மணி என்றால் பட்டர்வொர்த்தில் விடியற்காலை ஐந்து, குளிர்காலத்தில் ஆறு.

சகோதரி, அடுக்கி முடித்ததும் வீட்டிலேயே எடை போடுங்கள். 46 கிலோவையும் நிரப்ப வேண்டாம். பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு வழியனுப்ப வரும் அத்தை கையில் கட்டாயம் ஒரு டின் முறுக்கு இருக்கும். அதற்கு இரண்டு கிலோ விட்டு வையுங்கள்.